மாலை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு: ‘கொ’ முதல் வருமானச் சான்றிதழ் வரை

“கொக்கு குளத்தில் நின்றது.” இந்த வரியை நீட்டினால் ‘கெ... ர... க்... கு...’ என்று ஆரம்பிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டு. கேட்பவருக்குச் சட்டென்று தோன்றுவது, ‘இதுக்கு எழுத்தே தெரியல, உயிரெழுத்திலேருந்து ஆரம்பிக்கணும்’ என்பதுதான். கொஞ்சம் உற்றுக் கேட்டால் விஷயம் வேறு. அந்தப் பிள்ளைக்குக் ‘கெ’ தெரிகிறது, ‘ர’ தெரிகிறது, புள்ளி வைத்த ‘க்’ தெரிகிறது. முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால் என்று இரண்டு பக்கமும் நிற்கிற குறிகள் சேர்ந்து ஒரே ஒலி என்பது மட்டும் தெரியவில்லை. போதாக்குறைக்கு அச்சில் துணைக்காலும் ‘ர’வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இதைக் கண்டுகொண்டவர் மூன்று மாலையில் சரிசெய்துவிடலாம். கண்டுகொள்ளாதவர் ‘அ’விலிருந்து ‘ஃ’ வரை ஐம்பது தடவை எழுத வைப்பார். பிள்ளை முத்து முத்தாக எழுதும். ‘கொ’ மட்டும் அப்படியே இருக்கும்.

கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகத் தெருவிலேயே மாலை வகுப்பு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை 5 முதல் 7 மணிக்குள், உள்ளூரிலேயே ஒரு தன்னார்வலர், அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஒரு வடிவம் எல்லோருக்கும் பழகியது. அதற்கு வெளியிலும் கோயில் மண்டபம், சர்ச் திண்ணை, சமுதாயக் கூடம், கல்லூரி முடித்த அக்காவின் வாசல் என்று நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பதினைந்து இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கையில் பெரிய காசு இல்லாமல் நடத்துகிறவர்களுக்காக இது.

முதலில் வீட்டில் என்ன இல்லை என்பதில் தெளிவு வேண்டும். காசு இல்லை, தனி அறை இல்லை, இதெல்லாம் எல்லோரும் சொல்வது. படிப்புக்கு நேரடியாகக் குறைவது வேறு: பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ‘கெ இல்லடா, கொ’ என்று அந்த நொடியே சொல்ல ஆள் இல்லை. சித்தாள் வேலையோ பனியன் கம்பெனியோ முடித்து அம்மா வீடு திரும்ப ஆறரை ஏழு ஆகிறது. வந்ததும் அடுப்பு. பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தியாக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை இங்கே யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒன்றாம் வகுப்பில் விழுந்த ஓட்டை எட்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் கூடவே வரலாம். ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரியும். அதனால் மாலை வகுப்பு என்பது பள்ளிப் பாடத்தை இன்னொரு முறை நடத்தும் இடமாக இருந்தால் வீண். வாசிப்பதைக் கேட்கும் காது அங்கே கிடைக்க வேண்டும். வீட்டுப்பாடம் முடித்துக் கொடுக்கும் ‘டியூஷன்’ ஆகிவிட்டால் பெற்றோருக்கும் பள்ளிக்கும் திருப்தி, பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டுப்பாடத்துக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை என்று முதல் நாளே வரம்பு கட்டிவிடுவது நல்லது.

நேரம் 5.30 முதல் 7.15. பள்ளி விட்டதும் நேராகப் பிடித்து உட்கார வைத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கும். ஒரு மணி நேரமாவது ஓடியாடிவிட்டு வரட்டும். ஏழேகாலுக்கு மேல் இழுத்தால் பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் தெருவில் ஆறு மணிக்கு வகுப்பு இருக்காது, பாதிப் பேர் குடத்தோடு நிற்பார்கள். ஏழாம் வகுப்புப் பெண் இடுப்பில் இரண்டு வயதுத் தம்பியோடு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு டப்பா நிறைய பாட்டில் மூடியும் பழைய காலண்டர் அட்டையும் இருந்தால் அவன் ஒரு மணி நேரம் தாங்குவான். ‘தம்பியை வீட்ல விட்டுட்டு வா’ என்று சொன்ன மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணும் வராது.

தீனியை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு நின்றுபோகிறது, மதியச் சத்துணவு மட்டும். அதைச் சாப்பிட்டு நான்கரை மணி நேரம் ஆன வயிறு ஐந்தரைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இருபது பிள்ளைகளுக்கு 700 முதல் 750 கிராம் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்தால் ஊறி வெந்து இரட்டிப்பாகும். ஆளுக்கு ஒரு பெரிய கைப்பிடி. பட்டாணி, தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் பாதியில் போகாமல் இருக்கட்டும் என்று கடைசியில் கொடுக்கிற இடங்கள் உண்டு. அங்கே ஒன்றரை மணி நேரமும் எல்லாக் கண்ணும் பாத்திரத்தின் மேல்தான்.

வெளிச்சம் பற்றி ஒரே விஷயம். விளக்கு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதன் நிழல் அதன் நோட்டிலேயே விழும். இடது கைப்பக்கம் இருக்கட்டும், இடது கைக்காரப் பிள்ளைக்கு வலது பக்கம்.

இனி அளவெடுப்பது. முதல் இரண்டு மாலையும் இதற்குத்தான், பாடம் எதுவும் வேண்டாம். நான்கு அட்டைகள். முதலாவதில் பத்து எழுத்து. இரண்டாவதில் கொம்போ சுழியோ இல்லாத ஐந்து எளிய சொல். மூன்றாவதில் ஒன்றாம் வகுப்பு நடையில் நான்கு வரி. நான்காவதில் இரண்டாம் வகுப்பு நடையில் எட்டுப் பத்து வரிக் கதை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் ஆய்வு 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பயன்படுத்துவது இதே ஏணிதான். மூன்றாவதான பத்தி அட்டையில் ஆரம்பியுங்கள். தடுமாறினால் கீழே இறங்குங்கள், சரளமாக இருந்தால் கதைக்கு ஏறுங்கள். ஒரு பிள்ளைக்கு நான்கைந்து நிமிடம்; ஒரு மாலைக்குப் பத்துப் பேர் வீதம் இரண்டு மாலையில் இருபது பேரும் முடியும். மற்றவர்கள் அந்நேரம் படம் வரையட்டும்.

இதில் வழக்கமாக இரண்டு தவறு நடக்கிறது. முதலாவது, பள்ளிப் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொல்வது. பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள், விரல் ஒரு வரியிலும் வாய் வேறு வரியிலும் போகும். புதிதாக நீங்களே எழுதிய பத்தி வேண்டும். இரண்டாவது, எல்லோர் முன்னாலும் கேட்பது. எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புத் தங்கை முன்னால் திக்குவதற்குப் பதில் ‘எனக்குக் கண்ணு வலிக்குது’ என்பான். திண்ணையின் மறுகோடிக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மையாகவே கண் தெரியாமலும் இருக்கலாம். அட்டையை மூக்கருகில் கொண்டுபோகிறதா, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லி அரசின் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் கிடைக்க ஏற்பாடு செய்யலாம்.

மதிப்பெண் போட வேண்டாம். பிழையை அப்படியே எழுதுங்கள். ‘பந்து’வைப் ‘பத்து’ என்று படித்தாள், ‘வெளியே’வை ‘வெயிலே’ என்றாள், ‘தொட்டி’யில் நின்றுவிட்டாள். இந்த மூன்று வரியிலேயே வேலைத்திட்டம் இருக்கிறது. முதலாவதில் மெய்யெழுத்தைக் கண் தாண்டிப் போகிறது, இரண்டாவதில் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறாள், மூன்றாவதில் ஒகரக் குறி தெரியவில்லை. ‘சுமார்’, ‘பரவாயில்லை’ என்று எழுதிய பதிவேட்டை வைத்துக்கொண்டு மறுநாள் ஒன்றும் செய்ய முடியாது.

வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல் நிலை வாரியாகப் பிரிக்க வேண்டும். மும்பையிலும் வதோதராவிலும் 2001–03ல் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து அடிப்படையை மட்டும் சொல்லிக்கொடுத்த பால்சகி திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் ஆராய்ந்து, மதிப்பெண் நன்றாகவே உயர்வதைக் காட்டினார்கள். அவர்கள் இருவருக்கும் 2019ல் நோபல் பரிசு கிடைத்த ஆய்வு வரிசையில் இதுவும் ஒன்று. வழி சரிதான், ஆனால் நடைமுறையில் மானப்பிரச்சினை வரும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அழகான பெயர்கள். ஏழாம் வகுப்புப் பையனை ‘அரும்பு’ என்று கூப்பிட்டால் மற்றவர்கள் அவன் மீசையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்குக் குழுவுக்குப் பெயரே வேண்டாம், ‘பாய் ஒன்று’, ‘பாய் இரண்டு’ போதும். அவர்களுக்குக் கொடுக்கும் எளிய பத்தியில் முயலும் ஆமையும் வரக் கூடாது. கபடி, பைக் ரிப்பேர், ஏரி உடைந்த செய்தி என்று விஷயம் அவர்கள் வயதுக்கு இருக்கட்டும், எழுத்து மட்டும் இரண்டாம் வகுப்பு அளவில் இருக்கட்டும். இந்த மாதிரிப் பத்திகள் கடையில் கிடைக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு எழுதினால் ஒரு வருடத்தில் நல்ல கட்டு சேர்ந்துவிடும்.

மறுபடி ‘கொ’வுக்கு வருவோம். சார்ட் அட்டையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றை உள்ளங்கை அளவில் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். க, ச, த, ப, ம ஆகியவை வேறு நிற அட்டையில். முதல் மாலை: ‘க’வை நடுவில் வைத்து, கொம்பை மட்டும் முன்னால் வைத்தால் ‘கெ’, காலைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டினால் வாய் குவிகிறது, ‘கொ’. காலை எடுத்தால் மறுபடி ‘கெ’. பிள்ளையே நகர்த்த வேண்டும், நீங்கள் நகர்த்தினால் வேடிக்கை பார்க்கும். இரண்டாம் மாலை நடு அட்டையை மாற்றி மாற்றிப் பொ, தொ, மொ, சொ. பிறகு செடி–சொடுக்கு, பெட்டி–பொட்டி, தெளி–தொடு, மெல்ல–மொட்டு என்று இரண்டையும் கலந்து. ‘ர’வுக்குக் கீழே சாய்ந்த வால் உண்டு, துணைக்காலுக்கு இல்லை என்பதை அன்றைக்குக் காட்டலாம், அச்சுப் பக்கம் ஒன்றைக் கொடுத்து ‘ர’வை மட்டும் வட்டமிடச் சொன்னால் கண் பழகிவிடும். மூன்றாம் மாலை முழு வரிகள், கூடவே இரட்டைக்கொம்பு வைத்த ‘கோ’.

உகர வரிசைக்கு வேறு தந்திரம். சுவரில் தொங்கும் 247 எழுத்து அட்டவணை கு, ஙு, சு, ஞு என்று வரிசையாகப் போகிறது. அதைப் பார்த்துப் பிள்ளை எந்த ஒழுங்கையும் பிடிக்க முடியாது. வடிவத்தை வைத்துக் கூட்டமாகப் பிரித்தால் மூன்றே குடும்பம்தான்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு சாதி, சு, பு, யு, வு ஒரு சாதி, ணு, து, நு, லு, று, னு ஒரு சாதி. ஒரு மாலைக்கு ஒரு குடும்பம் போதும். ஊகாரத்தைக் குறில் நன்றாகப் பிடிபட்ட பிறகு, ஒரு வாரம் தள்ளி ஆரம்பியுங்கள். சேர்த்து நடத்தினால் இரண்டும் குழம்பும்.

எழுத்தெல்லாம் தெரிந்தும் மெதுவாக வாசிக்கிற பிள்ளைதான் எண்ணிக்கையில் அதிகம். ‘ம... ர... த்... தி... ல்’ என்று முடிக்கும்போது ‘ம’ மறந்துவிடும். இதற்கு மருந்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. நாற்பது சொல் உள்ள பத்தி. முதலில் நீங்கள் விரல் வைத்து இயல்பான வேகத்தில் வாசியுங்கள். பிறகு சேர்ந்து ஒரு முறை. பிறகு பிள்ளை தனியாக ஒரு நிமிடம், எங்கே நின்றதோ அங்கே பென்சில் கோடு. மறுநாள் அதே பத்தி, கோடு தள்ளிப் போகும். மூன்று நாளுக்கு ஒரு பத்தி. ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று பொது அளவு எதையும் தேடி அலைய வேண்டாம். தமிழில் ‘பூ’வும் ஒரு சொல், ‘போய்க்கொண்டிருந்தார்களாம்’ என்பதும் ஒரு சொல். அதே பிள்ளையின் நேற்றைய கோடுதான் அளவு. கூட்டமாகச் சேர்ந்து கத்தி வாசிப்பதைத் தினமும் வைக்காதீர்கள். தெருவே கேட்கும், நடத்துகிறவருக்குப் பெருமையாக இருக்கும், ஐந்து பேர் வாசிப்பார்கள், பதினைந்து பேர் வாயசைப்பார்கள்.

நன்றாக வாசித்துவிட்டு ஒன்றும் புரியாமல் நிற்கிற பிள்ளைகளும் உண்டு. புத்தகத் தமிழ் அவர்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழ். ‘வினவினான்’, ‘அகன்றான்’ எல்லாம் வெளிநாட்டுச் சொல் மாதிரி. நேற்று என்ன நடந்தது என்று ஒரு பிள்ளையைப் பேச விட்டு, சொல்வதை அப்படியே பலகையில் எழுதுங்கள்: ‘எங்கம்மா களை பறிக்கப் போயிருக்கு.’ அதற்கு எதிரே: ‘என் அம்மா களை பறிக்கச் சென்றிருக்கிறார்.’ இது பேச்சு, இது புத்தகம். முதல் வரியைத் ‘தப்பு’ என்று அடிக்காதீர்கள். வாயைத் திறந்ததும் மூன்று முறை திருத்து வாங்கிய பிள்ளை நான்காம் முறை திறக்காது. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த இந்தி, ஒடியா பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் சில மாதத்திலேயே தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிடுவார்கள். அதை வைத்து எழுத்தும் வந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

கணக்கிலும் பிழையைப் படிப்பதுதான் வேலை. 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் 376 என்று எழுதுகிற பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது: 8இலிருந்து 2, 7இலிருந்து 0, 4இலிருந்து 1. அதற்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது, விதிதான் தப்பு. ‘கடன் வாங்கு’ என்று கத்தினால் பக்கத்தில் இருப்பது பூஜ்யம், யாரிடம் வாங்குவது என்று முழிக்கும். காகித நோட்டு செய்துகொள்ளுங்கள்: நூறு ரூபாய் பத்து, பத்து ரூபாய் முப்பது, ஒரு ரூபாய் முப்பது. கையில் நான்கு நூறும் இரண்டு ஒன்றும் இருக்கிறது, 178 கொடுக்க வேண்டும். சில்லறை இல்லை. ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து. அதில் ஒரு பத்தை மாற்றினால் பத்து ஒன்று. இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. கொடுத்த பிறகு மிச்சம் 224. நோட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே கையோடு நோட்டுப் புத்தகத்தில் அடித்து எழுத வேண்டும். இந்த இணைப்பை விட்டால், காகிதப் பணத்தில் சரியாகச் செய்துவிட்டுப் புத்தகத்தில் மறுபடி 376 எழுதும்.

பெட்டிக்கடையில் மீதிச் சில்லறையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்கிற பையன் பள்ளியில் கழித்தலில் தோற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வும் இதையே காட்டியது: சந்தைக் கணக்கு பள்ளிக் கணக்குக்குத் தானாகத் தாவுவதில்லை, பள்ளிக் கணக்கும் சந்தைக்குத் தாவுவதில்லை. ‘கடையில மட்டும் தெரியுது, இங்க தெரியலையா’ என்று நக்கல் செய்வதை விட்டுவிட்டு, கடையில் எப்படிப் போட்டாய் என்று சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதிக் காட்டலாம். 178இலிருந்து 180, 200, 400, 402 என்று மேலே ஏறியிருப்பான்: 2, 20, 200, 2. கூட்டினால் 224. அதுவும் கணக்குதான் என்று அவனுக்குத் தெரியட்டும்.

எண்ணுப் பெயர்களில் தமிழுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. தொண்ணூறு என்பதில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் கேட்கிறது. ‘தொள்ளாயிரத்து ஐந்து’ சொன்னால் 9005 எழுதுகிற பிள்ளைகள் உண்டு. முந்நூற்று ஐந்துக்கு 3005. அட்டை மேல் அட்டை வைப்பது நல்ல தீர்வு. 900 மூன்று கட்டம், 40 இரண்டு கட்டம், 5 ஒரு கட்டம், எல்லாக் கட்டமும் ஒரே அகலம். 900இன் மேல் வலப்பக்கம் பொருந்த 5ஐ வைத்தால் கடைசிப் பூஜ்யம் மறைந்து 905 தெரியும். கட்டங்கள் அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பொருந்தாது. வெட்டும்போது அடிக்கோல் வைத்து வெட்டுங்கள். வகுத்தலில் 612ஐ 6ஆல் வகுத்து 12 என்று எழுதும் பிள்ளைக்கும் நோய் இதே இடத்தில்தான், நடுப் பூஜ்யம் அதற்கு ‘ஒன்றுமில்லை’.

வாய்ப்பாட்டை 1 முதல் 16 வரை ஒப்பிக்க வைத்து மாதக்கணக்கில் ஓட்ட வேண்டியதில்லை. 2, 5, 10 முதலில். பிறகு 3, 4. இதைத் திருப்பிப் போட்டாலும் அதே விடை என்று பிடிபட்டால் பத்துக்குள் மீதி இருப்பது பத்தே பத்து: 6×6, 6×7, 6×8, 6×9, 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. இந்தப் பத்தைச் சீட்டில் எழுதி நாளைக்கு இரண்டாகக் கேட்டால் போதும்.

ஆங்கிலத்துக்கு இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. தமிழில் கதை வாசிக்காத பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பை அதே மாதத்தில் தொடங்கினால் இரண்டும் அரைகுறையாகும். பெற்றோர் முதலில் கேட்பது ஆங்கிலம்தான் என்பதால் வாரம் இரு நாள் பேச்சும் பாட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரியில் வந்து நின்றால் மேலே சொன்ன எதற்கும் நேரமில்லை; தேர்ச்சி 35 என்கிற கணக்கில்தான் போக வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் 14 கேள்வி, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு இரண்டும் வடிவியலும் வரைபடமும், அதாவது 16. ஒரு மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் பாடப்புத்தகப் பயிற்சியில் இருப்பவை. இந்த இரண்டு பகுதியும் சேர்ந்து 30. மேற்கொண்டு அணிகள், உறவுகளும் சார்புகளும் மாதிரி நேரடியாகச் செய்யக்கூடிய இரண்டு மதிப்பெண் கேள்விகள் நான்கைந்து. பள்ளியில் இலவசமாகக் கொடுத்த கணித உபகரணப் பெட்டி இதற்குள் தொலைந்திருக்கும். கவராயத்தின் திருகு கழன்று வட்டம் முடிகிற இடத்தில் ஒட்டாமல் போகும். புதிய கவராயத்துக்குச் செலவழிக்கிற காசு வழிகாட்டிப் புத்தகத்துக்குச் செலவழிப்பதை விட உருப்படியானது. அறிவியலில் 25 செய்முறைக்கு, 75 எழுத்துத் தேர்வுக்கு; எழுத்தில் 20 எடுத்தாக வேண்டும். செய்முறைத் தேர்வு அன்று கூலி வேலைக்குப் போய்விட்ட பையன்கள் உண்டு, தேதியை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வருகைப் பதிவேட்டில் ‘வந்தான், வரவில்லை’ தவிர ‘ஏன்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு மாதத்தில் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். சனிக்கிழமை சம்பள நாளில் சில வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருவார், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை தூங்கி விழும். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. போகிற ஊரில் பள்ளி எது, அங்கே பிள்ளையைச் சேர்க்க எந்தப் பள்ளியில் யாரிடம் பேச வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேட்டு, பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறைப் பதிவில் அந்தப் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்ணை, ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் நடுவில் ஐந்து மாதம் அறுந்துபோகாது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதால் பயனில்லை. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு சென்ட்ரிங் வேலையில் இருக்கிறது, எட்டு மணிக்கு வரும்போது சார்ஜ் இருக்காது.

வீட்டுக்குப் போவதென்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல். முதல் தடவை குறை சொல்லப் போகக் கூடாது. ‘அக்கா, உங்க பொண்ணு நேத்து ஒரு பக்கம் தானா வாசிச்சா’ என்று ஆரம்பித்தால் அடுத்த தடவை நீங்கள் குறை சொன்னாலும் காது கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடமும் ஒரு வேலை கேட்கலாம்: தினம் சமைக்கும்போது பத்து நிமிடம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், கதை புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். இதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

காகித வேலையை நிறையப் பேர் ‘அது நம்ம வேலை இல்லை’ என்று ஒதுக்குகிறார்கள். உண்மையில் ஒரு வருடப் பாடத்தை விட ஒரு சான்றிதழ் அதிகம் செய்யும் குடும்பங்கள் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய். பிள்ளையை ஆறாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்ற யோசிக்கும் அப்பாவிடம் இதையும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

பணம் நின்றுபோவது பெரும்பாலும் பெயரில். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளியில் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. ஏழாம் வகுப்பிலேயே ஒரு நாள் எல்லோருடைய ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைப் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு வருடக்கணக்கில் பயன்படாமல் முடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். விண்ணப்பத் தேதிக்கு முந்தின மாதம் இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலர் விடுமுறையில் போனாலும் சமாளிக்கலாம். உதவித்தொகை கிடைத்த பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் வந்த பணம் பத்தாம் வகுப்பில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நன்கொடையாளர்கள் பற்றி ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வருகிறேன், பை கொடுக்கிறேன், போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்பவர்கள் மாதத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். அன்றைய மாலை போய்விடும். புத்தகப் பை பள்ளியிலேயே கிடைக்கிறது. கடலைக்கும், நகல் எடுக்கவும், இன்னொரு பெரியவர் பேருந்தில் வந்துபோகவும்தான் காசு தேவை. அதைக் கேட்டால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள், பரவாயில்லை. ஒருவரால் வாசிப்பைக் கேட்க முடிவது ஒரு மாலைக்கு ஏழெட்டுப் பிள்ளை. இருபது பிள்ளைக்கு மூன்று பேர் வேண்டும், பெரிய பிள்ளைகளில் இருவரைப் பழக்கினால் ஒரு பெரியவரைக் கொண்டு ஓட்டலாம்.

முப்பது வகுப்பு நாளுக்கு ஒரு முறை மறுபடி அளவெடுங்கள், புதுப் பத்தி வைத்து. ஒழுங்காக வந்தும் இரண்டு முறை நகராமலே இருக்கும் பிள்ளைக்குக் கண், காது, அதற்கு மேல் கற்றல் குறைபாடு என்று வரிசையாகப் பாருங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் மூலம் அணுகலாம்.

கதை அட்டையைத் தடுமாறாமல் வாசித்து, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்கிற பிள்ளையைத் தினமும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறையுமே என்று நிறையப் பேர் விடமாட்டார்கள். சனிக்கிழமை வந்து புத்தகம் மாற்றிக்கொண்டு போகட்டும், மற்ற நாள் மாலை விளையாடட்டும். பாயில் அந்த இடம் காலியானால், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் காத்திருக்கும் பெயர்களில் அடுத்ததைக் கூப்பிடலாம்.